தலைமைத் தாதியின் அதிகாரம் – ஒரு வரலாற்று நோக்கு

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் கதை நம் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் படிப்பிக்கப்பட்டு வருகிறது. கையில் விளக்கேந்தி, புண்பட்ட போர்வீரரின் படுக்கைகளிடையே இரவு வேளையில் நடந்து செல்லும் அந்த உருவத்தை அறியாத மாணவர் இலர் எனலாம். கருணை, தியாகம் என்னும் சொற்களுக்குள் அவரது நெடிய வாழ்வு முழுவதும் அடக்கப்பட்டு விடுகிறது. ஆயின், அவர் தம் வாழ்நாளெல்லாம் எந்த வினாவுக்காக வாதாடினாரோ அந்த வினா பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. வைத்தியசாலையில் நோயாளரைப் பராமரிக்கும் பெண்கள் யாருடைய ஆணைக்கு உட்பட்டவர்கள்? அவர்களுக்குத் தலைமை தாங்குபவர் யார்? அத்தலைமையின் அதிகாரம் எதுவரை செல்லும்? இவையே அவர் எழுப்பிய வினாக்கள்.

இந்த மறதி தற்செயலானதன்று. மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவும், கண்டுபிடிப்புகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பராமரிப்பு என்பது பெண்ணின் இயல்பான குணம் என்று கொள்ளப்பட்டமையால், அது ஓர் உழைப்பு என்பதும், அவ்வுழைப்புக்கும் ஒழுங்கமைப்பும் தலைமையும் தேவை என்பதும், அத்தலைமை பற்றிய போட்டி வர்க்கங்களுக்கிடையிலான போட்டியாகவும் இருந்தது என்பதும் கவனிக்கப்படாமற் போயின. எனவே, பிரித்தானியப் பொது வைத்தியசாலைகளில் மேற்றன் எனப்படும் தலைமைத் தாதியின் அதிகாரமும், அவருடைய சகோதரியான மருத்துவிச்சியின் அதிகாரமும் எவ்வாறு தோன்றின, எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு பறிக்கப்பட்டன என்பதை ஈண்டு நோக்குவோம். நம் நாட்டு வைத்தியசாலைகளின் நிருவாகம் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டதாகையால், அவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

1

மேற்றன் என்ற பதவி நைற்றிங்கேலுக்கு முன்னரும் இருந்தது. ஆயின் அது ஒரு வீட்டுக் காரியக்காரியின் பதவியாகும். சாவிக்கொத்து, படுக்கைத் துணிகள், சமையற்கட்டு, வேலைக்காரரின் ஒழுக்கம் என்பனவே அவளுடைய பொறுப்பு. நோயாளரின் பராமரிப்பில் அவளுக்கு வலுவான குரல் இருக்கவில்லை. தாதியர் எழுத்தறிவற்ற, மிகக் குறைந்த கூலி பெற்ற பெண்கள். அவர்கள் வைத்தியரின் ஏவலுக்கோ, வைத்தியசாலைப் பொருளாளரின் கட்டளைக்கோ உட்பட்டுக் கிடந்தனர்.

1854-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்த நைற்றிங்கேல், அங்கே போர்க்காயத்தினும் தொற்றுநோயே மிகுதியான வீரரைக் கொன்றது என்பதைப் பின்னர் புள்ளிவிவரங்கள் மூலம் எடுத்துக் காட்டினார். 1860-ஆம் ஆண்டில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவருடைய பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் அடிப்படைக் கொள்கை எளிமையானது. ஆனால் அக்காலத்தில் புரட்சிகரமானது. தாதியரை நியமிக்கவும், பயிற்றவும், இடமாற்றவும், நீக்கவும் உரிய அதிகாரம் ஒரு பெண்ணிடமே இருக்க வேண்டும். நோய்க்கான சிகிச்சையில் வைத்தியரின் சொல் நிற்கட்டும், தாதியரின் ஒழுங்கமைப்பில் மேற்றனின் சொல்லே நிற்க வேண்டும் என்பதே அது.

வைத்தியர்கள் இதனை எளிதில் ஏற்றனர் அல்லர். 1879-ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் மேற்றனாக வந்த மார்கரெட் பேர்ட் என்பார், தாதியரை ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு மாற்றிப் பயிற்றும் முறையைக் கொணர்ந்தபோது அங்குள்ள வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். தத்தம் விடுதியில் தமக்குப் பழகிய தாதியரைத் தமது உடைமைபோற் கருதியிருந்தவர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த அவ்வழக்கு பத்திரிகைகளிலும் பரவியது. தாதியர் யாருக்கு உரியவர் என்பதே வழக்கின் சாரமாகும்.

ஆயினும், இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும். சென் தோமஸ் பள்ளியிலே பயிலுநர் இரு வகையினராயினர். சிறு சம்பளம் பெற்றுப் பயின்ற சாதாரணப் பெண்கள் ஒரு வகையினர். தமது செலவைத் தாமே கொடுத்துப் பயின்ற சீமாட்டிகள் மற்றொரு வகையினர். முன்னையோர் தாதியராக ஆயினர். பின்னையோர் மேற்றன்மாராகவும் கண்காணிப்பாளராகவும் ஆவதற்கென்றே பயிற்றப்பட்டனர். விக்டோரியா காலத்து மேன்மக்கள் இல்லத்தில் எசமானிக்கும் வேலைக்காரிக்கும் இடையே நிலவிய உறவு வைத்தியசாலைக்குள் அப்படியே இடம்பெயர்ந்தது. பெண் என்ற வகையில் மேற்றன் பெற்ற அதிகாரம், வர்க்கம் என்ற வகையில் அவளுக்குக் கீழிருந்த பெண்கள்மீது செலுத்தப்பட்டது. இம்முரண்பாடு பின்வந்த நூறாண்டு வரலாற்றையும் ஆட்டிப்படைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2

தலைமை என்பது என்ன என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும். இரண்டும் 1860-களைச் சேர்ந்தவை. இரண்டும் பாடநூல்களில் அரிதாகவே பேசப்படுபவை.

முதலாவது, லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் நைற்றிங்கேல் நிதியத்தின் ஆதரவுடன் கிராமப்புற மருத்துவிச்சிகளைப் பயிற்றுவதற்கென 1862-ஆம் ஆண்டளவில் நடத்தப்பட்ட மகப்பேற்று விடுதியின் கதை. நோக்கம் நல்லது, பயிற்றியோரும் அக்கறை உள்ளவர்கள். ஆயினும், அங்கு பிரசவித்த தாய்மாரில் ஆயிரத்துக்கு முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்து இங்கிலாந்து முழுவதையும் எடுத்து நோக்கின் ஆயிரத்துக்கு ஐவரளவிலேயே தாய்மார் இறந்தனர். மகப்பேற்றுக் காய்ச்சல் விடுதியில் பரவியதே காரணம். 1867-ஆம் ஆண்டில் அவ்விடுதி மூடப்பட்டது. தம் பெயரோடு இணைந்த ஒரு முயற்சி தோற்றதை நைற்றிங்கேல் மறைக்க முனையவில்லை. நாடு நாடாகப் புள்ளிவிவரம் திரட்டி, வைத்தியசாலையில் நிகழும் பிரசவத்தைவிட ஏழையின் குடிசையில் நிகழும் பிரசவமே அன்றைய நிலையில் தாய்க்குப் பாதுகாப்பானது என்று 1871-ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டார். தன் விடுதியில் நிகழ்ந்த மரணங்களைத் தானே எண்ணி, அவற்றைப் பொதுமக்கள் முன் வைக்கும் துணிவைத் தலைமையின் முதல் இலக்கணம் எனலாம்.

இரண்டாவது, லிவர்பூல் நகரின் பிரௌண்லோ ஹில் என்னும் இடத்திலிருந்த வறியோர் இல்லத்தின் கதை. வேலையற்றோர், முதியோர், அநாதைகள், நோயாளர் ஆகியோரை அடைத்து வைத்து, இழிவுபடுத்தி, வேலை வாங்கிய இடங்களே அக்காலத்து வறியோர் இல்லங்கள். அவற்றின் நோயாளர் பகுதிகளில் நோயாளரைப் பார்த்துக்கொண்டவர்களும் அங்கே அடைபட்டிருந்த ஏழைப் பெண்களே. நன்கொடையில் நடந்த பெரிய வைத்தியசாலைகள் ஏற்க மறுத்த நோயாளர் இங்குதான் வந்து சேர்ந்தனர். இன்றைய பொது வைத்தியசாலையின் மூதாதை இதுவே. சீமான்களின் அறக்கட்டளை வைத்தியசாலை அன்று. 1865-ஆம் ஆண்டில் வில்லியம் ரத்போன் என்னும் வணிகரின் பொருளுதவியுடன் அக்னஸ் ஜோன்ஸ் என்பார் பன்னிரு பயிற்றப்பட்ட தாதியருடன் அங்கே சென்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளருக்கு அவர் பொறுப்பாளர். உணவு, படுக்கை, உடை ஒவ்வொன்றுக்கும் இல்லத்தின் ஆண் நிருவாகியோடு மன்றாட வேண்டியிருந்தது. மூன்றாண்டுகள் உழைத்து, 1868-ஆம் ஆண்டில், தம் 35-ஆம் வயதில் தைபசுக் காய்ச்சலால் அவர் மாண்டார். அவர் விட்டுச் சென்றது ஒரு வலிய கருத்தாகும்: வறியவனும் பயிற்றப்பட்ட தாதியின் பராமரிப்புக்கு உரியவன், அதற்குரிய செலவு பொதுப்பணத்தினின்றே வரல் வேண்டும்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போராட்டம் வைத்தியசாலையை விட்டுப் பாராளுமன்றத்தை நோக்கிச் சென்றது. தாதியரை அரசு பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தவர் பெட்போர்ட் பென்விக் அம்மையார். 1881-ஆம் ஆண்டில், இருபத்து நான்கே வயதில், சென் பார்த்தலோமியு வைத்தியசாலையின் மேற்றனான அவர், 1887-ஆம் ஆண்டில் திருமணத்தின் பொருட்டு அப்பதவியைத் துறந்தார். மணமான பெண்ணுக்கு அப்பதவியில் இடமில்லை என்பது அக்கால வழக்கம். பதவியை இழந்த பின்னர் முப்பதாண்டுக்கு மேலாக அவர் நடத்திய இயக்கத்தின் பயனாக 1919-ஆம் ஆண்டில் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதலாம் இலக்கம் அவருடையதே.

இவ்வெற்றியைப் போற்றுவோம். ஆயின் அவர் வேண்டியது, தாதித் தொழில் கல்வியும் குடும்பப் பெருமையும் உள்ள பெண்களின் தொழிலாக வேண்டும் என்பதே. தொழிற்சங்கம் என்ற சொல்லே மேற்றன்மாரின் உலகத்தில் தீண்டத்தகாததாக இருந்தது. 1916-ஆம் ஆண்டில் தோன்றிய தாதியர் கல்லூரியும் நெடுங்காலம் மேற்றன்மாரின் தலைமையிலேயே இயங்கியது. ஆண் தாதியருக்கு 1960-ஆம் ஆண்டு வரை அதில் இடமிருக்கவில்லை. இதன் விளைவை 1938-ஆம் ஆண்டில் லண்டன் தெருக்கள் கண்டன. இரண்டு வாரங்களுக்கு 96 மணி நேர வேலை என்ற கோரிக்கையுடன் ஊர்வலம் வந்த தாதியர் தம் முகங்களை முகமூடியால் மறைத்திருந்தனர். அடையாளம் காணப்பட்டால் வைத்தியசாலையிலே தண்டனை காத்திருக்கும் என்ற அச்சமே அதற்குக் காரணம். தாதியின் தலைவி என்று பெயர் கொண்டவருக்கு அஞ்சித் தாதி முகத்தை மறைத்துக்கொண்டு நடந்த அக்காட்சி, அத்தலைமையின் வர்க்க இயல்பை எந்த நூலினும் தெளிவாகக் காட்டுகிறது. 1943-ஆம் ஆண்டில் அரசு நியமித்த குழுவே அந்த 96 மணி நேரத்தைச் சிபாரிசு செய்தது.

மருத்துவிச்சியின் கதை இன்னும் கசப்பானது. இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் பிரசவம் பார்த்தவர்கள் அயலிலுள்ள அனுபவசாலிகளான பெண்கள். பிரசவத்தோடு அவர்களுடைய வேலை முடிவதில்லை. தாய் எழுந்து நடமாடும்வரை துணி துவைத்து, சோறாக்கி, மூத்த பிள்ளைகளைப் பார்த்து, அற்ப ஊதியத்துடன் அவர்கள் திரும்பினர். 1902-ஆம் ஆண்டு மருத்துவிச்சிகள் சட்டம் பயிற்சியையும் பதிவையும் கட்டாயமாக்கியது. தாய்மாரின் பாதுகாப்புக்கு அது தேவையானதே. ஆனால் அச்சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய சபையில் வைத்தியர்களே ஓங்கியிருந்தனர். ஒரு மருத்துவிச்சியேனும் அதில் இருந்தாக வேண்டும் என்ற விதி சட்டத்தில் இருக்கவில்லை. மருத்துவிச்சியின் பை, உடை, வீடு, ஒழுக்கம் யாவும் சோதனைக்கு உட்பட்டன. தாதியருக்குச் சட்டம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே மருத்துவிச்சிக்குச் சட்டம் வந்தது ஏன்? அவள் வைத்தியரின் உதவியாளாக அன்றி, வைத்தியருக்குப் போட்டியாகத் தனித்துத் தொழில் செய்தவள். எனவேதான் அவளை அடக்குவது முந்திய தேவையாயிற்று. அச்சபைக்கு ஒரு மருத்துவிச்சி தலைவராவதற்கு எழுபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

4

1948-ஆம் ஆண்டு யூலை 5-ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தோன்றியது. தொழிலாளர் வர்க்கம் போராடிப் பெற்ற பேறுகளுள் தலையாயது அது. வைத்தியசாலைகள் பொதுவுடைமையாயின. ஆயின் அவற்றை நடத்தப் போதிய தாதியர் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், அயர்லாந்திலிருந்தும், ஆசிய, ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்தும் இளம் பெண்கள் வரவழைக்கப்பட்டனர். வந்தவர்களில் மிகப் பலர், முழுத் தாதியராகப் பதிவு பெறும் மூன்றாண்டுப் பயிற்சிக்கு மாறாக, இரண்டாந் தரமான இரண்டாண்டுப் பயிற்சிக்குத் திருப்பிவிடப்பட்டனர். வேறுபாட்டை அறியாமலே பலர் அதில் சேர்ந்தனர். அத்தரத்தினர் விடுதித் தலைவியாகவோ மேற்றனாகவோ உயர வழியில்லை. முன்னர் சீமாட்டிக்கும் வேலைக்காரிக்கும் இடையே கிடந்த கோடு, இப்போது நிறத்தின் வழியாகவும் ஓடியது.

கிரிமியப் போருக்குச் செல்ல 1854-ஆம் ஆண்டில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் யமேக்காவைச் சேர்ந்த மேரி சீக்கோல். பின்னர் தம் சொந்தச் செலவில் போர்முனை சென்று அவர் சேவை செய்தார். அதன்பின் நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 1964-ஆம் ஆண்டிலேயே, தேசிய சுகாதார சேவையின் முதலாவது கறுப்பின மேற்றன் நியமிக்கப்பட்டார். அவர் கயானாவிற் பிறந்த டாஃப்னி ஸ்டீல். நியமனம் பெற்ற இடம் யோர்க்‌ஷயரில் இல்க்லி நகரிலுள்ள சென் வினிபிரெட் மகப்பேற்று வைத்தியசாலை. ஒரு கதவு திறந்தது என்று மகிழலாம். ஆனால் அக்கதவு திறந்த வேளையில், உள்ளிருந்த நாற்காலியே அகற்றப்படும் தறுவாயில் இருந்தது.

1963-ஆம் ஆண்டில் தாதியரின் மேல்நிலைப் பதவிகளை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் பிரயன் சமன். தேநீர்ச் சாலைகளாலும் உணவு வணிகத்தாலும் பெயர் பெற்ற லயன்ஸ் நிறுவனத்தின் பணிப்பாளர்களுள் ஒருவர். 1966-ஆம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கை, தொழிற்சாலை நிருவாகத்தைப் பின்பற்றி, தாதியர் பதவிகளை இலக்கமிட்ட தரங்களாக அடுக்கியது. விடுதித் தலைவி ஆறாந் தரம். உச்சியிலுள்ள பிரதம தாதி உத்தியோகத்தர் பத்தாந் தரம். மேற்றன் என்ற பெயர் மறையத் தொடங்கியது. குழுவின் நோக்கம் தாதியருக்கு மேல்மட்ட நிருவாகத்தில் இடம் பெற்றுத் தருவதே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1974-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் அந்த இடம் கிடைக்கவும் செய்தது. மாவட்ட நிருவாகக் குழுவிலே தாதியர் தலைவரும் வைத்தியர்களோடும் நிதி அதிகாரியோடும் சமமாக அமர்ந்தார். எல்லோரும் உடன்பட்டாலன்றித் தீர்மானம் இல்லை. ஆயின் அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. உயர விரும்பிய தாதி நோயாளியின் படுக்கையை விட்டகன்று கோப்புகளிடையே செல்ல வேண்டியதாயிற்று. தொழிலில் சிறு தொகையினரான ஆண்கள் இப்புதிய பதவிகளில் தம் தொகைக்கு மிஞ்சிய பங்கைப் பெற்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

அந்தச் சம ஆசனமும் பத்தாண்டு நிலைக்கவில்லை. 1983-ஆம் ஆண்டில் தச்சர் அரசாங்கம், செயின்ஸ்பரி என்னும் மளிகைக் கடைத்தொடரின் நிருவாகப் பணிப்பாளரான ரோய் கிரிபித்ஸ் என்பாரை ஆலோசனை கூற அழைத்தது. நைற்றிங்கேல் இன்று விளக்குடன் இவ்வைத்தியசாலைகளுள் நடந்தால் பொறுப்பாளர் யாரென்றே தேடிக்கொண்டிருப்பார் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். அவருடைய விடை, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு பொது முகாமையாளர் என்பது. அப்பதவிகளுக்கு வந்தவருள் தாதியர் மிகச் சிலரே. தாதியர் தலைவர்கள் பலர் தாதியர்மீதான நேர் அதிகாரத்தை இழந்து வெறும் ஆலோசகராயினர். அதே 1983-ஆம் ஆண்டிலிருந்து துப்புரவு வேலையும் கேள்விப்பத்திரத்தின் மூலம் தனியார் ஒப்பந்தக்காரருக்குச் செல்லலாயிற்று. நைற்றிங்கேலின் பெயரைச் சொல்லி நைற்றிங்கேலின் கொள்கையைப் புதைத்த விந்தை இது. பொதுமக்களின் மனக்குறையைத் தணிக்க 2001-ஆம் ஆண்டளவில் மேற்றன் என்ற பெயர் மீண்டும் கொணரப்பட்டது. பெயர் வந்தது, ஆனால் பல இடங்களில் தம் விடுதியைத் துடைக்கும் தொழிலாளிக்குக் கட்டளையிடும் அதிகாரம் கூட அந்தப் புதிய மேற்றனுக்கு இல்லை. அத்தொழிலாளி ஒப்பந்தக்காரரின் ஆள்.

5

அதிகாரம் பற்றிய இவ்வழக்கு பதவிக்காரரின் கௌரவப் பிரச்சினை என்று எவரேனும் கருதுவராயின், அவர்கள் இரண்டு விசாரணை அறிக்கைகளை நோக்குதல் வேண்டும்.

ஸ்டஃபோர்ட் நகர வைத்தியசாலை, நிதித் தன்னாட்சி கொண்ட உயர்தர நிறுவனம் என்ற தகுதியைப் பெறுவதற்காக 2006-ஆம் ஆண்டளவில் செலவைக் குறைக்க முனைந்தது. தாதியர் தொகை குறைந்தது. நோயாளர் உணவும் நீரும் துப்புரவும் இன்றித் தவித்தனர். அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரு தாதி நூறளவான முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்தார், பயன் விளையவில்லை. 2013-ஆம் ஆண்டில் வெளியான விசாரணை அறிக்கை, கணக்கும் இலக்குகளும் நோயாளியை மறக்கச் செய்தன என்பதையும், ஆள்குறைப்பின் ஆபத்தைத் தடுக்கத்தக்க வலுவான தாதியர் தலைமை அங்கே இருக்கவில்லை என்பதையும் வெளிப்படுத்தியது.

சுரூஸ்பரி, டெல்போர்ட் பகுதி மகப்பேற்று வைத்தியசாலைகளைப் பற்றிய விசாரணையை நடத்தியவர் டொனா ஒக்கண்டன் என்னும் மூத்த மருத்துவிச்சி. நல்ல பராமரிப்புக் கிடைத்திருப்பின் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் உயிர் பிழைத்திருக்கக் கூடும் என்று 2022-ஆம் ஆண்டில் அவர் அறிக்கை கூறியது. ஆட்பற்றாக்குறை இங்கும் உண்டு. ஆனால் இங்கே குற்றம் முகாமையாளரோடு நிற்கவில்லை. தாய்மார் கூறியதைச் செவிமடுக்காமை, சத்திர சிகிச்சையின்றிப் பிரசவிக்கச் செய்வதையே பெருமையாகக் கொண்டமை, வைத்தியரும் மருத்துவிச்சியும் ஒன்றிணைந்து செயற்படாமை, தவற்றைச் சொல்ல ஊழியர் அஞ்சியமை ஆகியவை தொழிலுக்குள்ளேயே வேரூன்றியிருந்தன. எனவே, தலைமைத் தாதிக்கு அதிகாரம் வேண்டும் என்பது மட்டும் போதாது. அந்த அதிகாரம் கீழிருந்து வரும் குரலுக்குக் கட்டுப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். கிங்ஸ் கல்லூரி விடுதியில் மரணங்களை எண்ணி, 1867-ஆம் ஆண்டில் கதவை மூடியவர்களுக்கும், மரணங்களைத் தனித்தனிச் சம்பவங்களாகக் கண்டு கடந்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

6

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழில் மகப்பேற்று மருத்துவம் அச்சேறியது 1857-ஆம் ஆண்டில். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கி வெளியிட்டார். தமிழ் மொழிக்கு அது அரிய தொண்டு. ஆயின் அந்நூலைப் பயின்றவர்கள் அவரிடம் மருத்துவம் கற்ற ஆண் மாணவர்கள். ஊரிலே உண்மையிற் பிரசவம் பார்த்தவர்களோ ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மருத்துவிச்சிகள். உயர்குலத்தார் எனப்பட்டோரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தி உலகுக்குக் கொணர்ந்த அப்பெண்களுக்கு அதே வீட்டின் கிணற்றடியில் இடமிருக்கவில்லை. அறிவு ஓரிடத்திலும் உழைப்பு ஓரிடத்திலும் பிரிந்து நின்ற அவலம் நம் மண்ணில் சாதியின் கோலம் பூண்டது.

1879-ஆம் ஆண்டில் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. 1926-ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டு, வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சி அரசின் ஊழியரானாள். 1931-ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தது; ஏழைத் தாயின் வாக்கையும் கேட்டுச் செல்ல வேண்டிய நிலை அரசியல்வாதிக்கு ஏற்பட்டது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கிராமங்களின் நிலையை அம்பலப்படுத்தியது. சூரியமல் இயக்கத்தினரும் இடதுசாரி முன்னோடிகளும் நிவாரணப் பணியில் இறங்கினர். இவை யாவும் சேர்ந்தே பொதுச் சுகாதாரத்தை விரிவுபடுத்தின. 1930-களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட இந்நாட்டில், 1990-களில் அத்தொகை நூற்றுக்குக் கீழ் இறங்கியது. இதனை அறியும் உலகம் இலங்கையை வியக்கிறது. மருந்துகளும், கல்வியும், வைத்தியசாலைகளும் இதற்குக் காரணம். ஆனால் வெயிலிலும் மழையிலும் கால்நடையாகவும் துவிச்சக்கர வண்டியிலும் சென்று கருவுற்ற ஒவ்வொரு தாயின் பெயரையும் தம் பதிவேட்டிலே எழுதிய குடும்பநல மருத்துவமாதின்றி இது நிகழ்ந்திராது.

எனினும், அவளுக்குரிய ஏணி குறுகியது. மேற்பார்வை மருத்துவமாது என்ற படியோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரியும், அவருக்கு மேலே வைத்திய அதிகாரியும் உள்ளனர். மலையகத் தோட்டங்களிலோ சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தது. அங்குள்ள மருத்துவிச்சி துரையின் சம்பளப் பட்டியலில் இருந்தவள். தொழிலாளிப் பெண்ணுக்காகத் துரையிடம் எவ்வளவு தூரம் வாதாட அவளால் முடிந்திருக்கும்? 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் தோட்டச் சுகாதாரம் தேசிய சேவையோடு மிக மெதுவாகவே இணைந்தது. தாயின் மொழியைப் பேசும் மருத்துவமாது இல்லாத இடங்களில் பதிவேடு நிரம்பலாம்; தாயின் அச்சம் அதில் எழுதப்படுவதில்லை.

1980-களிலிருந்து நம் நாட்டில் நிகழும் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, அதன் காரணம் கூட்டமாக ஆராயப்பட்டு வருகிறது. நைற்றிங்கேல் செய்த எண்ணிக்கையை ஒரு நாடே செய்வதாகும் இது. நாம் பெருமை கொள்ளத்தக்கது. அக்கூட்டத்தில் வைத்திய நிபுணர் இருப்பார், நிருவாகி இருப்பார், இறந்த தாயின் வீட்டுக்குப் பலமுறை சென்று வந்த மருத்துவமாதும் இருப்பாள். அந்தத் தாய் ஏன் நேரகாலத்தோடு வரவில்லை, வண்டி ஏன் கிடைக்கவில்லை, விடுதியில் அவளுக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை மற்றெவரையும்விட அவளே நன்கு அறிவாள். அவள் அச்சமின்றி அதனைச் சொல்ல முடிகிறதா? சொன்னால் அது தீர்மானமாகிறதா? அத்தீர்மானத்துக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் அவளுடைய தொழிலைச் சேர்ந்த ஒருவர் அமர்ந்திருக்கிறாரா? தாதியர் தலைமையின் நூற்றறுபது ஆண்டு வரலாறு நம்மிடம் கேட்பது இவ்வளவே. இவற்றுக்கு ஆம் என்று விடை கூற இயலாதவரை, மேற்றன் என்றும் பணிப்பாளர் என்றும் நாம் சூட்டும் பெயர்கள் சுவரில் தொங்கும் பெயர்ப்பலகைகளாகவே எஞ்சும். அதன் விலையைப் படுக்கையிற் கிடப்பவர்களே செலுத்துவர்.